பதில் பெட்டி: போனுக்குள் நடுங்கும் சில்லு

போன மாதம் ஒரு பழைய டிவியைப் பற்றிப் பதில் எழுதும்போது ‘சா ஃபில்டர்’ என்று போகிற போக்கில் ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டேன். அது என்ன, இப்போதும் இருக்கிறதா, என் போனிலும் உண்டா என்று வந்த கடிதங்களைப் பார்த்த ஆசிரியர், "நீரே ஆரம்பித்தீர், இந்த மாதம் முழுக்க நீரே சமாளியும்" என்றுவிட்டார். சா என்பது ‘சர்ஃபேஸ் அக்கூஸ்டிக் வேவ்’ என்பதன் சுருக்கம். தமிழில் மேற்பரப்பு ஒலியலை. ஃபில்டர் என்றால் வேண்டிய சிக்னலை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கிற வடிகட்டி. திடப்பொருளின் உடம்புக்குள் இறங்காமல் தோலை ஒட்டியே ஓடுகிற நடுக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

முப்பது வருடமாக டிவி மெக்கானிக். ஐந்து கால் வைத்த சா ஃபில்டரை எத்தனையோ பெட்டியில் மாற்றியிருக்கிறேன், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. இப்போது வேலையே போர்டு மாற்றுவது என்றாகிவிட்டது. அந்தச் சாமான் இன்னும் எதிலாவது வருகிறதா?
– திருமங்கலம் வாசகர்

அண்ணே, நான் உள்ளே பார்த்திருக்கிறேன், அதற்குத் திட்டும் வாங்கியிருக்கிறேன். ப்ளஸ் டூ விடுமுறையில் எங்கள் தெருமுனை டிவி கடையில் எடுபிடியாக இருந்தேன். பெஞ்சில் ஒரு கலர் டிவி பின்மூடி இல்லாமல் கிடந்தது, அதிலிருந்த ஃபில்டர் தகர மூடி போட்ட வகை. கடைக்காரர் சாப்பிடப் போன நேரத்தில் பெட்டியை அணைத்துவிட்டு, அந்த மூடியின் விளிம்பை அரத்தால் தேய்த்து நெம்பித் திறந்தேன். மறுபடி போட்டால் தூர்தர்ஷன் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது.

உள்ளே வெட்டிப்போட்ட நகத்துண்டு மாதிரி, கண்ணாடி போன்ற ஒரு சில்லு. அதன் மேல் இரண்டு இடத்தில் சிடி தட்டில் தெரிவது போல வானவில் நிறம். சில்லின் இரண்டு ஓரத்திலும் ஏதோ பசையை அப்பியிருந்தார்கள். கம்பெனிக்காரன் கை தவறிக் கொட்டிவிட்டான் போல என்று, சுத்தம் செய்யும் உத்தேசத்தில், ஒரு ஓரத்துப் பசையைக் குண்டூசியால் சுரண்டினேன். திரையில் செய்தி வாசிப்பவருக்கு வலது பக்கம் ஒரு சென்டிமீட்டர் தள்ளி மங்கலாக இன்னொரு செய்தி வாசிப்பவர் வந்து உட்கார்ந்தார். ஆன்டெனா திரும்பிக்கொண்டால் வருமே, அந்த டபுள் இமேஜ். அப்புறம் ஒரு தீக்குச்சியை நாக்கில் ஈரப்படுத்திச் சில்லின் நடுவே தொட்டேன். படம் அப்படியே வடிந்து புள்ளிப்புள்ளியாகிவிட்டது. குச்சியை எடுக்கும்போது மயிரிழைக் கம்பி ஒன்று அறுந்தது. கடைக்காரர் வந்தார். மீதியை விடுங்கள். (ஓடுகிற டிவிக்குள் ஈரக் குச்சியை விட்டதை இப்போது நினைத்தால் கை நடுங்குகிறது, யாரும் செய்து பார்க்க வேண்டாம்.)

நான் பார்த்தது என்ன என்று பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. அந்தச் சில்லு லித்தியம் நயோபேட் என்ற படிகம். கேஸ் அடுப்பு லைட்டரை அழுத்தினால் ‘டக்’கென்று பொறி வருகிறதே, அதே குணம் இதற்கும் உண்டு: நசுக்கினால் மின்சாரம் வரும், மின்சாரம் கொடுத்தால் நெளியும். வானவில் தெரிந்த இடம் இரண்டு அலுமினியச் சீப்புகள் பல்லோடு பல் கோத்தது போன்ற வரிகள். ஒரு பக்கச் சீப்பில் சிக்னலைக் கொடுத்தால் படிகத்தின் தோல் நடுங்கும், அந்த நடுக்கம் வினாடிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி எதிர்ப்பக்கச் சீப்பை அடைந்து மறுபடி மின்சாரமாகும். ஓரத்தில் இருந்த பசை, முட்டித் திரும்புகிற அலையை விழுங்குவதற்காகவே வைத்தது. அதைச் சுரண்டியதால் அலை ஓரத்தில் மோதித் திரும்பி, ஒரு மைக்ரோ வினாடி போலத் தாமதித்து வந்து சேர்ந்தது, அதுதான் இரண்டாவது செய்தி வாசிப்பாளர். ஈரக் குச்சி பட்டதும் நடுக்கம் முழுவதும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. இந்த அலை தோலிலேயே ஓடுவதால் யார் வேண்டுமானாலும் தொட்டுக் கெடுக்கலாம், இதன் பலமும் பலவீனமும் அதுதான்.

இன்னும் வருகிறதா என்றால், உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. சீப்பின் பல் அலை நீளத்தில் கால் பங்கு அகலம் இருக்கும், அந்த அளவுக்குப் பொருந்துகிற அலைதான் பலமாக எழும். நம்மூர் டிவியின் 33.4 முதல் 38.9 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஐ.எஃப். (டிவி உள்ளே வாங்கி மாற்றிக்கொள்கிற இடைநிலை அதிர்வெண்) சிக்னலுக்குப் பல் ஒவ்வொன்றும் 27 மைக்ரோமீட்டர், தலைமுடியில் பாதிக்கும் கீழே. போனில் 2 கிகாஹெர்ட்ஸுக்கு வேலை செய்கிற ஃபில்டரில் பல்லின் அகலம் அரை மைக்ரோமீட்டர். சாமான் அதேதான், ஐம்பது மடங்கு இளைத்துவிட்டது.

மின்சாரத்தை ஒலியாக்கி, அதை மறுபடி மின்சாரமாக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது போல இருக்கிறது. சுருளும் கண்டென்சரும் வைத்து நேராக வடிகட்டக் கூடாதா?
– காரைக்குடி, பாலிடெக்னிக் மாணவர்

தம்பி, தலையைச் சுற்றுவதால்தான் மூக்கு கிடைக்கிறது. ரேடியோ அலை வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 900 மெகாஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் 33 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு அடி ஸ்கேல். ஒரு ஃபில்டர் ‘இது 900, அது 910’ என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால் அலையை ஒரு தடவை பார்த்தால் போதாது, நூறு தடவையாவது ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். அந்த நூறு அலைக்கு 33 மீட்டர் இடம் எங்கே போவது? அதே சிக்னலைப் படிகத்தின் தோலில் நடுங்க விட்டால் வேகம் எழுபத்தைந்தாயிரம் மடங்கு குறைகிறது, அலை நீளம் 4.4 மைக்ரோமீட்டராகிவிடுகிறது, நூறு அலையும் அரை மில்லிமீட்டருக்குள் அடங்கும். எக்ஸ்பிரஸ் ரயில் ஜன்னலில் தெரிந்த முகத்தைத் தேடுவதற்கும் தேர் நகர்கிற வேகத்தில் தேடுவதற்கும் உள்ள வித்தியாசம். சுருளும் கண்டென்சரும் சேர்ந்த சுற்றிலும் அலையைத் தேக்கிவைக்கலாம்தான், ஆனால் செம்புச் சுருளில் ஆற்றல் சூடாகிக் கரைந்துவிடும், இருபது முப்பது ஆட்டத்துக்கு மேல் தாங்காது. நல்ல படிகம் ஆயிரக்கணக்கில் ஆடும்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி, தேவையான இரண்டு அறிவும் 19ஆம் நூற்றாண்டிலேயே கைக்கு வந்துவிட்டன. 1880இல் ழாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் பாரிஸில் அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களைக் கண்டுபிடித்தார்கள். 1885இல் லண்டனில் ராலே பிரபு, திடப்பொருளின் மேற்பரப்பை ஒட்டி ஓடுகிற அலை ஒன்று இருக்க வேண்டும் என்று கணக்கில் காட்டினார், நிலநடுக்கத்தில் அதற்குப் பங்கு இருக்கும் என்றும் எழுதினார். இரண்டையும் சேர்த்து ஒரு சாமானாக்க எண்பது வருடம் பிடித்தது. 1965இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒயிட்டும் வோல்ட்மரும் குவார்ட்ஸ் தகட்டின் மேல் அந்தக் கோத்த சீப்பை வரைந்து, மேற்பரப்பு அலையை நேரடியாக எழுப்பியும் பிடித்தும் காட்டினார்கள். முதலில் இதைக் கொத்திக்கொண்டு போனவர்கள் ராணுவ ராடார்காரர்கள்தான், டிவிக்கு அப்புறம்தான் வந்தது.

சீப்பில் இன்னொரு சூட்சுமம். பற்கள் ஒன்றுக்குள் ஒன்று எவ்வளவு நீளம் கோத்திருக்கின்றன என்பதை இடத்துக்கு இடம் மாற்றினால் ஃபில்டரின் குணமே மாறும். டிவி ஃபில்டரை லென்ஸ் வைத்துப் பார்த்தால் பற்கள் நடுவில் பருத்து ஓரத்தில் சிறுத்து மீன் போல ஒரு வடிவம் தெரியும். அது அழகுக்கு வரைந்ததில்லை. கணக்குப் புத்தகத்தில் எழுதவேண்டிய சூத்திரத்தையே அலுமினியத்தில் படமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். ஒருமுறை அச்சடித்தால் போதும், ட்ரிம்மர் என்கிற திருகைத் திருப்பிச் சரிசெய்கிற வேலையே கிடையாது.

ஒரு போனுக்கு ஒரு ஆன்டெனா, ஒரு ஃபில்டர் போதாதா? பல டஜன் ஃபில்டர் என்கிறார்களே, எதற்கு?
– திருப்பூர் வாசகி

ஆன்டெனாவே ஒன்றில்லை அம்மா, அது வேறு கதை. நம்நாட்டு 4ஜியில் 1800 மெகாஹெர்ட்ஸ் பேண்டை, அதாவது அலைவரிசையை, எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் போன் டவருக்குப் பேசுவது 1710 முதல் 1785 வரை, டவர் உங்களுக்குப் பேசுவது 1805 முதல் 1880 வரை. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே ஆன்டெனா வழியாக. போன் கத்துவது உச்சபட்சம் 200 மில்லிவாட். டவரிலிருந்து வந்து சேர்வது சில சமயம் அதில் 2 லட்சம் கோடியில் ஒரு பங்கு. கல்யாண வீட்டு நாகஸ்வரத்தை வாசித்துக்கொண்டே பக்கத்துத் தெருவில் ஒருவர் கிசுகிசுப்பதைக் கேட்பது போல. நடுவில் இருக்கிற இடைவெளி 20 மெகாஹெர்ட்ஸ்தான். இந்த வேலைக்கு இரண்டு ஃபில்டரை ஒரே பெட்டியில் அடைத்து டூப்ளெக்ஸர் என்பார்கள், 1.8 க்கு 1.4 மில்லிமீட்டர் அளவில் கடைகளில் கிடைத்தது, இப்போது அதைவிடவும் சிறுத்துவிட்டது. கடுகை விடச் சிறிதில்லை, மிளகை விடச் சிறிது.

ஒவ்வொரு பேண்டுக்கும் இப்படி ஒன்று. ஊருக்கு ஊர் பேண்ட் வேறு, வெளிநாடு போனாலும் வேலை செய்ய வேண்டும். போதாததற்கு ஜிபிஎஸ், வைஃபை. 2300 முதல் 2400 வரை 4ஜி, அதன் முதுகிலேயே 2400இல் வைஃபை தொடங்குகிறது. ஹாட்ஸ்பாட் போட்டு நான்கு பேருக்கு நெட் பகிர்கிறீர்களே, அப்போது 2300 பேண்டில் டவரிடம் வாங்கி, ஒட்டிய பேண்டில் வைஃபையாக விடுகிறது போன். நடுவில் வேலி போட இடமே இல்லாத நிலத்தில் வேலி போடுகிற வேலை. எண்ணிப் பார்த்தால் டஜன் கணக்கில் வருவதில் ஆச்சரியமில்லை.

வெயிலில் பைக்கில் போனை மாட்டி மேப் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் நெட் படுத்துவிடுகிறது. ஃபில்டர் சூடாவதாலா?
– வேலூர், டெலிவரி வேலை செய்பவர்

நேர்மையாகச் சொன்னால், பெரும்பாலும் இல்லை. சூடானதும் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ப்ராசஸர் வேகத்தையும் மோடம் வேகத்தையும் தானே குறைத்துக்கொள்ளும், நீங்கள் பார்ப்பது அதைத்தான். ஆனால் நீங்கள் கேட்ட கேள்வி இந்தத் துறையின் இருபது வருடத் தலைவலி, அதனால் விட மனமில்லை.

போன் ஃபில்டர்களில் நெடுங்காலம் கோலோச்சிய படிகம் லித்தியம் டான்டலேட். சூடேறினால் அது இளகும், அலை மெதுவாகும், ஃபில்டர் வழிவிடுகிற இடம் கீழே நழுவும். ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்தில் 40 பங்கு போல. கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். 1800 மெகாஹெர்ட்ஸில் அது டிகிரிக்கு 72 கிலோஹெர்ட்ஸ். 25 டிகிரியிலிருந்து 85க்குப் போனால் 4 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் நகர்ந்துவிடும். இருப்பதே 20 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி, அதில் தயாரிப்புப் பிசகுக்கும் இடம் விட வேண்டும். நிலம் நழுவுகிறது, வேலி நிற்கிறது என்றால் பட்டா எப்படிச் செல்லும்?

முதலில் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்று ரொம்ப எளிமையானது. உலகத்தில் பெரும்பாலான பொருள் சூட்டில் இளகும், கண்ணாடிச் சரக்கான சிலிக்கா மட்டும் வேடிக்கையாக விறைக்கும். ஆகவே சீப்பின் மேல் சிலிக்காவைப் பூசிவிட்டார்கள், ஒன்று இளக மற்றொன்று விறைக்க நழுவல் பெருமளவு அடங்கியது. வெப்ப ஈடு செய்த சா என்று இதற்குப் பெயர்.

இரண்டாவது வைத்தியம்தான் உண்மையான பாய்ச்சல் என்பது என் கட்சி. பழைய முறையில் அலை ஓடுகிற படிகத் தகடு முழுக்க லித்தியம் டான்டலேட், அதன் தடிமனில் மேலே இருக்கிற ஒரு சிறு பங்குதான் வேலை செய்யும், மீதி சும்மா. போதாததற்கு அலையின் ஒரு பகுதி கீழே கசிந்து வீணாகும். 2016-17 வாக்கில் ஜப்பானின் முராட்டா கம்பெனி என்ன செய்தது என்றால், படிகத்தை ஒரு அலை நீளத்துக்கும் குறைவாக, மைக்ரோமீட்டருக்குள் சீவி, அதன் கீழே சிலிக்கா, அதன் கீழே ஒலி வேகமாக ஓடுகிற அலுமினியம் நைட்ரைடு, அடியில் சிலிக்கான் என்று அடுக்கியது. அலை எப்போதும் வேகம் குறைந்த பக்கமே வளையும், ஃபைபர் கேபிளில் ஒளி வெளியே தப்பாமல் ஓடுவதும் இதே நியாயம்தான். கீழே வேகமான அடுக்கு இருப்பதால் நடுக்கம் இறங்க முடியாமல் மேலேயே சிக்கிக்கொள்கிறது. கசிவு போயிற்று. அடியிலிருக்கிற சிலிக்கான் சூட்டில் அதிகம் விரியாது, மேலே ஒட்டிய மெல்லிய படிகத்தையும் விரியவிடாமல் பிடித்துக்கொள்ளும், சூட்டையும் சீக்கிரம் கடத்திவிடும். டிகிரிக்கு 40 என்றிருந்த நழுவல் பத்துக்கும் கீழே வந்தது. கம்பெனி இதற்கு வைத்த பெயர் ‘இன்கிரெடிபிள் ஹை பெர்ஃபார்மன்ஸ்’ சா. விளம்பரப் பெயர்தான், ஆனாலும் பொய்யில்லை.

படிகத்தை அவ்வளவு மெல்லிதாக எப்படிச் சீவுவது? பிரான்ஸில் கிரெனோபிள் பக்கம் சொய்டெக் என்றொரு கம்பெனி. ஹைட்ரஜன் அயனிகளைப் படிகத்துக்குள் குறிப்பிட்ட ஆழத்துக்குச் செலுத்தி, தலைகீழாகச் சிலிக்கான் மேல் ஒட்டி, சூடேற்றினால், அந்த ஆழத்தில் ஹைட்ரஜன் குமிழாகித் தகடு வெங்காயச் சருகு போல உரிந்து வந்துவிடும். இது முதலில் கணினிச் சில்லுகளுக்காக வந்த வித்தை, இப்போது படிகத்துக்கும் செய்து, ஒட்டிய தகடாகவே ஃபில்டர் கம்பெனிகளுக்கு விற்கிறார்கள்.

வெப்பத்தைப் பற்றி ஒரு கொசுறு. இந்தப் படிகங்கள் சூடேறும்போதே தங்கள் மேல் மின்னூட்டத்தைச் சேர்த்துக்கொள்ளும். ஃபாக்டரியில் தகட்டை அடுப்பில் வைத்து எடுக்கும்போது பொறி பறந்து, அரை மைக்ரோமீட்டர் இடைவெளி உள்ள சீப்புப் பல் கருகிவிடும், சில சமயம் தகடே வெடித்துவிடும். இதற்கு மருந்தாகத் தகட்டிலிருந்து கொஞ்சம் ஆக்சிஜனை உறிஞ்சி எடுத்து லேசாக மின்சாரம் கசியும்படி செய்தார்கள். நிறமில்லாத படிகம் கறுத்துப்போனது. கறுப்புத் தகடு என்றே பெயர்.

5ஜி வந்ததும் சா செத்துவிட்டது என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். உண்மையா?
– கோவை, பொறியியல் மாணவி

உங்கள் பேராசிரியர் பாதி சரி. இங்கே 5ஜி பெரிதாக ஓடுவது 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே. அலையின் வேகம் படிகம் கொடுத்தது, அதை நாம் கூட்ட முடியாது, ஆகவே அதிர்வெண் ஏற ஏறச் சீப்புப் பல் மெலிந்துகொண்டே போக வேண்டும். 3.5 கிகாஹெர்ட்ஸில் பல் 0.3 மைக்ரோமீட்டருக்கும் கீழே. அவ்வளவு மெல்லிய அலுமினியத்தில் தடை கூடும், ஆற்றல் வீணாகும். அதைவிட மோசம், வினாடிக்கு நூற்றுக்கணக்கான கோடி முறை உலுக்குவதில் அலுமினிய அணுக்களே இடம்பெயர்ந்து ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளமாகி, ஒருநாள் பல்லோடு பல் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் செம்பு கலந்து சமாளித்தார்கள், எல்லை என்று ஒன்று உண்டல்லவா. எந்தச் சா ஃபில்டருக்கும் மெதுவாக ஓடுவதுதான் வரம் என்று மேலே காரைக்குடித் தம்பிக்குச் சொன்னேன். இங்கே அதே மெதுவான ஓட்டம் காலை வாருகிறது.

அதனால் 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே பங்காளி ஒருவர் வந்தார்: பா. பல்க் அக்கூஸ்டிக் வேவ், அதாவது தோலில் ஓடாமல் உடம்புக்குள் மேலும் கீழும் ஆடுகிற அலை. இரண்டு உலோகத் தகட்டுக்கு நடுவே அலுமினியம் நைட்ரைடு படலம், சாண்ட்விச் மாதிரி. அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது படலத்தின் தடிமன், சீப்புப் பல் வேண்டியதில்லை. அமெரிக்காவில் அஜிலென்ட் (பிறகு அவாகோ, இன்று பிராட்காம்) 2000களின் தொடக்கத்தில் இதைப் போனுக்குள் கொண்டுவந்தது. விலை சாவை விட அதிகம், படலத்தின் கீழே பள்ளம் தோண்டித் தொங்கவிடுகிற வேலை சுலபமில்லை.

ஆனால் செத்துவிட்டது என்பதை நான் ஒப்ப மாட்டேன். 5ஜி போன் 4ஜியைக் கைவிடவில்லை, 700, 850, 900, 1800, 2100 எல்லாம் அப்படியே இருக்கின்றன, அங்கே மலிவுக்கும் தரத்துக்கும் சாவை அடிக்க ஆளில்லை. மேலே சொன்ன அடுக்குத் தகடு வந்தபிறகு 2.5 கிகாஹெர்ட்ஸ் வரை பாவோடு நேருக்கு நேர் நிற்கிறது. அதற்கும் மேலே போனால் இரண்டும் கலந்த ஒரு பிறவி. லித்தியம் நயோபேட்டை அரை மைக்ரோமீட்டருக்கும் மெல்லிய சவ்வாகத் தொங்கவிட்டு, அதன் மேல் அதே பழைய சீப்பை வரைந்தால், அலை தடிமனுக்குள் ஆடும், சீப்பு அதை எழுப்புகிற வேலையை மட்டும் செய்யும், பல் இளைக்க வேண்டிய அவசியமில்லை. எக்ஸ்பார் என்று பெயர் வைத்து இதை வளர்த்தது ரெசனன்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி, 2022இல் முராட்டா அதை விலைக்கு வாங்கிவிட்டது. செத்துப்போன குடும்பத்துக்கு யாராவது பணம் கொட்டுவார்களா?

ஏ.டி.எம். போன்ற பழைய கண்ணாடித் தொடுதிரையில் கையுறை போட்ட விரல் வேலை செய்கிறது, பேனா முனை வேலை செய்யவில்லை. என் போனில் கையுறை வேலை செய்வதில்லை. ஏன்?
– ஊட்டி வாசகர்

உங்கள் போனில் விரலின் மின்சாரக் குணத்தைத் திரை உணர்கிறது. நீங்கள் சொல்கிற கண்ணாடி சா வகையாக இருக்கலாம். கண்ணாடியின் மேல் சில மெகாஹெர்ட்ஸில் அலை ஓடிக்கொண்டே இருக்கும், மெத்தென்று எது பட்டாலும் அந்த இடத்தில் அலை குறையும், எவ்வளவு நேரம் கழித்துக் குறைந்தது என்பதை வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். கையுறை மெத்தென்றது, விழுங்கும். பிளாஸ்டிக் பேனா முனை விழுங்காது. மழைத்துளி விழுந்தால் அதுவும் விரல்தான். என் ஈரத் தீக்குச்சி செய்த அதே வேலை.

துணை மின்நிலையத்தில் வேலை. சுவிட்ச்கியர் பேனலுக்குள் பஸ்பார் (மின்சாரம் பாயும் தடித்த உலோகப் பட்டை) இணைப்பு சூடாவதை பேட்டரி இல்லாத, ஒயர் இல்லாத சென்சார் சொல்லிவிடும் என்று ஒரு விற்பனையாளர் வந்தார். பேட்டரி இல்லாமல் எப்படி? ஏமாற்றா?
– நெய்வேலி வாசகர்

சரக்கை நான் பார்க்கவில்லை, கொள்கை ஏமாற்றில்லை. மேலே வேலூர்க்காரர் பதிலில் சூட்டுக்கு நழுவுவதைத் தலைவலி என்றேன், உங்களுக்கு அதுதான் மருந்து. சென்சாரில் ஒரு குட்டி ஆன்டெனா, ஒரு படிகச் சில்லு, அவ்வளவுதான். ட்ரான்சிஸ்டர்கூடக் கிடையாது. வெளியிலிருந்து ரேடியோத் துடிப்பு ஒன்றை அனுப்பினால் ஆன்டெனா அதை வாங்கிப் படிகத்தில் நடுக்கமாக்கும், நடுக்கம் சில மைக்ரோ வினாடி ஓடி, சில்லின் மேல் வரைந்த கோடுகளில் மோதித் திரும்பி, அதே ஆன்டெனா வழியாக வெளியே வரும். அனுப்பிய சக்தியிலேயே பதில் வருகிறது, பேட்டரி எதற்கு? சூடு ஏறினால் பதில் வருகிற நேரமோ அதிர்வெண்ணோ மாறும், லித்தியம் நயோபேட்டில் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 75 பங்கு போல, தாராளமாக அளக்கலாம்.

இரும்புப் பேனலுக்குள் ரேடியோ அலை நாலாபக்கமும் மோதி எதிரொலிக்குமே என்று கேட்பீர்கள். ஒரு மைக்ரோ வினாடியில் ரேடியோ அலை 300 மீட்டர் ஓடிவிடும், பேனலுக்குள் அடித்த எதிரொலியெல்லாம் அதற்குள் ஓய்ந்துவிடும். நம் படிகம் நிதானமாக எல்லாரும் பேசி முடித்தபிறகு பதில் சொல்லும். விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது வேறு: ஒரே அறையில் முப்பது சென்சார் இருந்தால் எது எந்த இணைப்பு என்று எப்படிப் பிரிப்பார், துடிப்பை அனுப்பிப் பதிலை வாங்குகிற ரீடர் ஆன்டெனாவை ஒவ்வொரு பேனலுக்குள்ளும் வைக்க வேண்டுமா, அதன் விலை யார் கணக்கில். இதற்குப் பதில் வராவிட்டால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வடிகட்டுவதைத் தாண்டி இதில் புதிதாக ஏதாவது நடக்கிறதா? ஆராய்ச்சிக்குப் போகலாமா?
– திருச்சி, முதுகலை இயற்பியல் மாணவர்

நடப்பது நிறைய. எனக்கு ஆசையாக இருப்பது ஒலியை ஒலியாகவே பெருக்குவது. ஏரியின் மேல் காற்று அலையை விட வேகமாக வீசினால் அலை பெருக்கும், இல்லையா? அதுபோலப் படிகத்தின் மேல் ஒட்டிய குறைக்கடத்திப் படலத்தில் எலக்ட்ரான்களை அலையை விட வேகமாக ஓட்டினால், அவை தங்கள் ஆற்றலை அலைக்குக் கொடுத்துவிடும். 1960களிலேயே தெரிந்த சங்கதிதான், ஆனால் அன்றைய சாமான் சூடாகியே செத்தது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்துக்காரர்கள் லித்தியம் நயோபேட்டின் மேல் இண்டியம் காலியம் ஆர்சனைடு படலத்தை ஒட்டி, தொடர்ந்து ஓடுகிற பெருக்கியாக 2023இல் காட்டினார்கள். இன்று ஃபில்டர் ஒரு சில்லு, ஆம்ப்ளிஃபையர் வேறொரு சில்லு, சிக்னல் ஒலியாகவும் மின்சாரமாகவும் மாறி மாறி அலைகிறது. எல்லாமே ஒரே படிகத்தின் தோலில் நடந்தால் போனின் ரேடியோப் பகுதி எவ்வளவு சுருங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கம் குவாண்டம்காரர்கள். 2014இல் ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில், செயற்கை அணு (அணு போல நடந்துகொள்ளும் மின்சுற்று) ஒன்றோடு மேற்பரப்பு ஒலியலையைப் பேசவைத்தார்கள். வழக்கமாக அணு ஒளியோடுதான் பேசும். ஒளி கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும், ஒலி மெதுவாகப் போவதால் வழியிலேயே அதைக் கையாள நேரம் கிடைக்கும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. பாருங்கள், அங்கேயும் அதே மெதுவான ஓட்டம்தான்.

மருத்துவ ஆய்வுக்கூடங்களில் இரண்டு சீப்பை எதிரெதிரே வைத்து, நடுவே இருக்கிற நீரில் ரத்த அணுக்களைத் தொடாமலே நகர்த்துகிறார்கள். அதை ஒரு வரியில் தாண்டிப் போவது அநியாயம், இடம் இல்லை.

படிக்கலாமா என்றால் படியுங்கள், ஆனால் ஆசை எது என்று தெளிவாக இருங்கள். டெல்லி ஐஐடியின் பயன்பாட்டு மின்னணுவியல் ஆராய்ச்சி மையத்தில் சா வேலை பல வருடமாக நடக்கிறது, டெல்லியிலேயே ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் திடநிலை இயற்பியல் ஆய்வகமும் இதில் கை வைத்தது. போனுக்குள் போகிற கோடிக்கணக்கான ஃபில்டர்களோ ஜப்பானின் முராட்டா, தையோ யூடென், அமெரிக்காவின் குவால்காம், ஸ்கைவர்க்ஸ், கார்வோ என்று விரல்விட்டு எண்ணக்கூடிய கைகளில். காப்புரிமைக் காடு வேறு. கணக்கும் படிகமும் பிடித்தவருக்கு வேலை இருக்கிறது, கோடிங் மட்டும் பிடித்தவருக்கு இது சரிப்படாது.

மாமா, இந்த அலையை எந்த விலங்காவது பயன்படுத்துமா?
– ஆறாம் வகுப்பு, ராமநாதபுரம்

நல்ல கேள்வி கண்ணா, இந்த மாதக் கடிதங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் ஒரு மணல் தேள் இருக்கிறது. ராத்திரியில் வெளியே வந்து அசையாமல் நிற்கும். கண் சரியாகத் தெரியாது. பக்கத்தில் ஒரு பூச்சி மணலைக் கிளறினால், ராலே சொன்ன அதே அலை மணலின் மேல்தோலில் ஓடிவரும், படிகத்தில் போல நாலு கிலோமீட்டர் வேகமெல்லாம் இல்லை, வினாடிக்கு ஐம்பது மீட்டர்தான். தேள் தன் எட்டுக் கால்களையும் வட்டமாகப் பரப்பி வைத்திருக்கும், பூச்சி இருக்கிற பக்கத்துக் காலை அலை முதலில் தொடும், எதிர்ப்பக்கத்துக் காலைத் தொட ஒரு மில்லி வினாடி போலத் தாமதமாகும். அந்த இடைவெளியை வைத்துத் திசையைப் பிடித்துவிடும். பிலிப் பிரவுனெல் என்ற விஞ்ஞானி 1977இல் இதை எழுதினார். மணலில் தேளைப் பார்த்தால் கிட்டே போகாதே, ஆனால் நீ எந்தப் பக்கம் நிற்கிறாய் என்பது அதற்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.